கியர் லிவரில் ஆட்டம்: புஷ்ஷா, ஷார்ட் ஷிஃப்டரா, மவுண்ட்டா?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் கூடினால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. நியூட்ரலில் லிவர் லொடலொடவென்று ஆடுகிறது, இரண்டிலிருந்து மூன்றுக்குத் தள்ளினால் எங்கே போய் நிற்கிறது என்று புரியவில்லை, கியர் விழுந்ததா இல்லையா என்பது கிளட்ச்சை விட்ட பிறகுதான் தெரிகிறது. இதற்குத் தீர்வு என்று பலர் முதலில் வாங்குவது ஷார்ட் ஷிஃப்டர், அதாவது கை நகரும் தூரத்தைக் குறைக்கும் லிவர். பார்க்க அழகாக இருக்கும், மாட்டிய அன்றே வித்தியாசம் தெரியும். ஆனால் என்னைக் கேட்டால், வரிசையில் கடைசியாக வர வேண்டிய பொருள் அது. மூட்டுகளுக்குள் இருக்கும் தேய்ந்த புஷ்களை (சின்ன வளையங்களை) மாற்றுவது, என்ஜினையும் கியர்பாக்ஸையும் தாங்கும் ரப்பர் மவுண்ட்டைப் பார்ப்பது, ஆயிலைச் சரிசெய்வது எல்லாம் முடிந்த பிறகுதான் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டும்.

முதலில் கோளாறு எந்த வகை?

‘கியர் சரியாக விழவில்லை’ என்ற ஒரே புகாருக்குள் மூன்று வேறு வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கும். லிவர் தளர்ந்து ஆடுவது ஒன்று. விழ மறுத்து முரண்டு பிடிப்பது இன்னொன்று. விழும்போது கரகரவென்று பல் உரசுவது மூன்றாவது. ஆட்டத்துக்கு லிங்கேஜை, அதாவது லிவரைக் கியர்பாக்ஸோடு இணைக்கும் ராடு, மூட்டுகளைப் பார்க்க வேண்டும். முரண்டுக்குக் கிளட்ச், ஆயில், காய்ந்துபோன மூட்டுகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கரகரப்புக்குக் கிளட்ச்சையோ, கியர் விழும் முன் வேகத்தைச் சமமாக்கும் சிங்க்ரோவையோ பார்க்க வேண்டும்.

பிரித்துப் பார்க்க எளிய சோதனை இருக்கிறது. என்ஜினை அணைத்துவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். அணைத்த நிலையில் சுலபமாக விழுந்து, என்ஜின் ஓடும்போது மட்டும் முதல் கியரும் ரிவர்ஸும் அடம்பிடித்தால், கிளட்ச் முழுதாக விடவில்லை என்று பொருள். உறுதி செய்துகொள்ள, வண்டியை நிறுத்தி ஐடிலில் விட்டுக் கிளட்ச்சை அடி வரை மிதித்து, நாலைந்து நொடி பொறுத்து, மெதுவாக ரிவர்ஸ் போடுங்கள். பழைய கியர்பாக்ஸ்களில் பெரும்பாலும் ரிவர்ஸுக்குச் சிங்க்ரோ கிடையாது. உள்ளே ஷாஃப்ட் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தால் பல் உரசும் சத்தம் உடனே கேட்டுவிடும். ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் காற்று புகுந்திருக்கலாம், மாஸ்டர் அல்லது ஸ்லேவ் சிலிண்டரின் சீல் போயிருக்கலாம். கேபிள் கிளட்ச் என்றால் கேபிளின் சரிசெய்கை தள்ளிப் போயிருக்கும். இதைச் சரிசெய்யாமல் லிவர் பக்கம் எத்தனை நல்ல பொருள் மாட்டினாலும் வீண்தான். பாவம், சிங்க்ரோதான் தினமும் அடி வாங்கும்.

ஆட்டம் எங்கே பிறக்கிறது?

கிளட்ச் நன்றாக இருக்கிறது, ஆனாலும் லிவர் ஆடுகிறது என்றால் வண்டியை ஜாக் ஸ்டாண்டில் பத்திரமாக ஏற்றுங்கள். என்ஜின் அணைந்திருக்கட்டும், ஒரு கியர் போட்டிருக்கட்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து, லிவரின் தலையை இரண்டு விரலால் மட்டும் முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். இன்னொருவர் டார்ச்சோடு கீழே படுத்து, லிவரின் அடிமுனையிலிருந்து கியர்பாக்ஸ் ஷாஃப்ட் வரை ஒவ்வொரு மூட்டாகப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். ஒரு மூட்டின் இந்தப் பக்கம் அசைகிறது, அந்தப் பக்கம் அசையவில்லை என்றால் அங்கேதான் தேய்மானம். கண்ணுக்குத் தெரியாத அசைவும் மூட்டைச் சுற்றி விரல் வைத்தால் தெரியும். பழைய வண்டிகளில் அநேகமாக ஒரே ஒரு இடம் குற்றவாளியாக இருக்காது. நாலைந்து மூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, எல்லாம் கூடி மேலே பெரிய ஆட்டமாக வந்து நிற்கும்.

கார் எந்த அமைப்பு என்பதைப் பொறுத்து இந்தத் தேடல் மாறும். 1989-இல் வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5-இல் லிவர் நேராகக் கியர்பாக்ஸின் மேல்பகுதிக்குள் இறங்குகிறது. இடையில் நீண்ட ராடு எதுவும் இல்லை. அங்கே தேய்வது லிவரின் அடியில் உள்ள சின்ன பிளாஸ்டிக் புஷ்ஷும், மேலே மூடியிருக்கும் ரப்பர் உறையும்தான். பிஎம்டபிள்யூ இ30, இ36 மாதிரி வண்டிகளில் லிவர் கியர்பாக்ஸுக்குச் சற்றுப் பின்னால் இருக்கிறது. லிவரைத் தாங்கும் கை, ராடு, ராடின் முன்முனையில் ஒரு மூட்டு, இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் வாஷர் என்று தேய்வதற்கு நிறைய இடம் உண்டு. பழைய போர்ஷே 911-இல் இன்னும் தூரம். கியர்பாக்ஸ் பின்னால், லிவர் முன்னால், நடுவே டனலுக்குள் நீண்ட ராடு. அந்த ராடு கியர்பாக்ஸோடு சேரும் இடத்தில் ஒரு கப்ளர், அதற்குள் சின்ன புஷ்கள்.

புஷ்: எந்தப் பொருளில்?

தேய்ந்தது எது என்று தெரிந்தபின் அடுத்த கேள்வி, கம்பெனி தந்த அதே ரப்பர், நைலான் புஷ்ஷையே மாட்டுவதா, இல்லை கெட்டியான பொருளுக்குப் போவதா.

கம்பெனி புஷ்ஷைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். இருபது, முப்பது வருடம் தேய்ந்த ரப்பரோடு பழகிய கைக்கு, அதே ரப்பர் புதிதாக வந்தாலே வேறு வண்டி மாதிரி இருக்கும். சத்தம் அதிகமாகாது, அதிர்வு அதிகமாகாது, கிரீஸ் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. அன்றாடம் ஓட்டும் வண்டிக்கு என் முதல் தேர்வு இதுதான்.

பாலியூரித்தேன் ரப்பரைவிடக் கெட்டி, எண்ணெய் பட்டாலும் அவ்வளவு சீக்கிரம் ஊறாது. ஆனால் மாட்டும்போது அதற்கான கிரீஸைத் தாராளமாகப் போடாவிட்டால் கொஞ்ச நாளில் கீச்சிடத் தொடங்கும். சுழலும் மூட்டுகளில் டெல்ரின் என்ற கெட்டி பிளாஸ்டிக் இதைவிட நல்லது. அது அமுங்காது, வழுவழுப்பானது, நைலானைவிட ஈரத்தை மிகக் குறைவாக உறிஞ்சுவதால் அளவும் மாறாது. 911 கப்ளர், இ36 ராடு மூட்டு போன்ற இடங்களில் டெல்ரின் போட்டால் கையில் துல்லியம் தெரியும், சத்தம் பெரிதாக ஏறாது. வெண்கலம், அலுமினியம் போன்ற உலோக புஷ்களைப் பந்தய வண்டிக்கு விட்டுவிடலாம். உலோகத்தோடு உலோகம் என்றால் என்ஜின் அதிர்வு அப்படியே லிவர் தலைக்கு ஏறும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. லிவரைத் தாங்கும் கை காரின் உடலோடு சேரும் இடத்தில் இருக்கும் பின்பக்க ரப்பர் புஷ்ஷை மிகக் கெட்டியாக்க வேண்டாம். கையின் ஒரு முனை கியர்பாக்ஸோடும், மறுமுனை உடலோடும் இருப்பதால், அந்த ரப்பர்தான் இரண்டுக்கும் இடையிலான அதிர்வைத் தடுத்து வைத்திருக்கிறது.

ஷார்ட் ஷிஃப்டர்: கணக்கு என்ன சொல்கிறது?

லிவர் ஒரு நெம்புகோல். ஊன்றும் இடத்துக்கு மேலே 200 மி.மீ., கீழே 50 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அடிமுனை 25 மி.மீ. நகர்ந்தால் கியர் விழும் என்றால், மேலே கை 100 மி.மீ. நகர வேண்டும். புஷ்கள் தேய்ந்து அடியில் 2 மி.மீ. ஆட்டம் இருந்தால், தலையில் அது 8 மி.மீ. ஆகத் தெரியும்.

இப்போது அடிப்பகுதியை 65 மி.மீ. ஆக நீட்டிய ஷார்ட் ஷிஃப்டரை மாட்டுகிறோம். கை நகரும் தூரம் சுமார் 77 மி.மீ. ஆகக் குறைகிறது. ஆட்டமும் 6 மி.மீ.க்குச் சற்று மேலே என்று இறங்குகிறது. சரி, குறைந்துவிட்டதே என்று தோன்றும். ஆனால் 100-க்கு 8, 77-க்கு 6.2, இரண்டுமே 8 சதவீதம். மொத்தப் பயணத்தில் ஆட்டத்தின் பங்கு இம்மியும் மாறவில்லை. மேல்பகுதியை வெட்டிக் குட்டையாக்கினாலும் இதே கதைதான். 200-ஐ 160 ஆக்கினால் பயணம் 80, ஆட்டம் 6.4.

ஆனால் பழைய லிவரையே வைத்துக்கொண்டு, புஷ் மாற்றி அடி ஆட்டத்தை அரை மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தால், தலையில் வெறும் 2 மி.மீ., அதாவது 2 சதவீதம். கை துல்லியம் என்று உணர்வது இந்த விகிதத்தைத்தான்.

ஷார்ட் ஷிஃப்டர் இலவசமாகவும் வருவதில்லை. மேலே சொன்ன உதாரணத்தில் கை கொடுக்க வேண்டிய விசை 30 சதவீதம் கூடுகிறது. சிங்க்ரோ தன் வேலையைச் செய்ய ஒரு கணம் தேவை, கை அதைவிட வேகமாகத் தள்ளினால் சுமை அதன் மேல் விழும். 1972 முதல் 1986 வரை 911-இல் வந்த 915 கியர்பாக்ஸுக்கு இது முக்கியம். போர்ஷேயின் சொந்த வடிவச் சிங்க்ரோ கொண்ட அந்த கியர்பாக்ஸ், அவசரப்படாமல் அழுத்தம் கொடுத்துக் காத்திருந்தால் வெண்ணெய் மாதிரி விழும், அவசரப்பட்டால் உரசும். 1987-இல் அதன் இடத்துக்கு வந்த ஜி50-யின் சிங்க்ரோ வேறு வடிவம், அது வேகமான கையைத் தாங்கும். அதனால் 915 உள்ள வண்டிக்கு ஷார்ட் ஷிஃப்டரை நான் பரிந்துரைக்க மாட்டேன். புது புஷ், லிவர் அடியின் புது பிளாஸ்டிக் கிண்ணம், கப்ளரைக் கவனமாகச் சரிசெய்வது, இவை போதும். கப்ளர் கொஞ்சம் திரும்பியிருந்தாலே ஒரு பக்கத்துக் கியர்கள் சுலபமாகவும் மறுபக்கம் முரண்டாகவும் இருக்கும், புது புஷ் போட்டும் பலன் தெரியாது.

லிங்கேஜ் முழுக்க இறுகிய பிறகும் தூரம் அதிகம் என்று தோன்றினால், அப்போது மாட்டலாம். பிஎம்டபிள்யூ இ30, இ36 வைத்திருப்பவர்களுக்கு இதில் ஓர் அழகான வழி உண்டு. இஸட்3 1.9 காரின் லிவர் சற்றே குறைந்த பயணம் கொண்டது, கம்பெனிப் பொருள், இந்த வண்டிகளில் அப்படியே உட்காரும். அளவான மாற்றம் வேண்டும் என்பவர்களுக்கு, ஆகக் குறைந்த பயணம் என்று விளம்பரம் செய்யும் கிட்களைவிட இது மேல்.

மவுண்ட்டை மறக்கிறோம்

நின்ற இடத்தில் கியர் நன்றாக விழுகிறது, ஆக்சிலரேட்டரை அழுத்தி ஓட்டும்போது மட்டும் தப்புகிறது என்றால், அது மவுண்ட். என்ஜினும் கியர்பாக்ஸும் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கின்றன. ரப்பர் தளர்ந்தால் முறுக்குவிசையில் மொத்தமும் ஒரு பக்கம் திரும்பும், லிவரின் ஊன்று இடம் உடலோடு இருந்தால் கேட், அதாவது ஒவ்வொரு கியருக்கும் உரிய இடம், நகர்ந்துவிடும். மூன்றிலிருந்து நாலுக்கு இழுக்கும்போது லிவர் இரண்டுக்குள் விழுந்தால் என்ஜின் தன் எல்லைக்கு மேல் சுற்றி வால்வு வளையலாம். இங்கே தேடும் துல்லியம் வெறும் சுகத்துக்காக இல்லை.

மவுண்ட்டில் என் தேர்வு புதிய கம்பெனி ரப்பர், அல்லது அதே வடிவில் சற்றுக் கெட்டியான ரப்பர். கியர்பாக்ஸ் மவுண்ட்டை மட்டும் மிகக் கெட்டியான பாலியூரித்தேனாக்கி, என்ஜின் மவுண்ட்டைத் தளர்ந்த பழைய ரப்பராகவே விடுவது கூடாது. என்ஜின் திரும்பும் சுமை முழுவதும் கியர்பாக்ஸ் உறையின் காதுகளில் விழும். மாற்றினால் ஒரே குணமுள்ள செட்டாக மாற்றுங்கள்.

கேபிள், ஆயில், தலை

டொயோட்டா எம்ஆர்2, போர்ஷே பாக்ஸ்டர் 986 போல என்ஜின் நடுவில் உள்ள வண்டிகளில் ராடுக்குப் பதில் இரண்டு கேபிள்கள். கேபிளின் முனைகளில் இருக்கும் பிளாஸ்டிக், ரப்பர் புஷ்தான் முதலில் போகும், அதை மாற்றுவது சுலபம். கேபிளின் உறைக்குள்ளேயே உரசல் வந்து லிவர் கனத்துவிட்டால் புதுக் கேபிள்தான் வழி.

ஆயிலில் ஒரு குழப்பம் நிரந்தரமாக இருக்கிறது: ஜிஎல்-4, ஜிஎல்-5 என்ற இரண்டு தரங்கள். பின்னதில் கடும் அழுத்தத்தைத் தாங்கும் சேர்மானம் அதிகம். சிங்க்ரோ வேலை செய்வதே உரசலால் என்பதால், ஜிஎல்-4 கேட்கும் கியர்பாக்ஸில் ஜிஎல்-5 ஊற்றினால் சிங்க்ரோ வழுக்கலாம். டிஃபரன்ஷியலும் ஒரே உறைக்குள் இருக்கும் வண்டிகளில் ஜிஎல்-5-தான் வேண்டும் என்று தயாரிப்பாளரே கேட்பதும் உண்டு. கையேட்டில் உள்ளதையே ஊற்றுங்கள். எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்கள் லிவர் இறங்கும் குடுவைக்குத் தனி ஆயில் இருப்பதை மறந்துவிடுகிறார்கள். அது வற்றி, மேலே ரப்பர் உறையும் கிழிந்திருந்தால், லிவர் கரடுமுரடாகும், நடு கன்சோல் வழியே சூடு வரும். குறைந்த வேலையில் நிறையப் பலன் தரும் இடம் அதுதான்.

கனமான லிவர் தலையைப் பற்றி ஒரு வரி போதும்: அதன் எடை கியர் விழும் கடைசிக் கணத்தை மென்மையாக்கும், ஆட்டத்தைக் குறைக்காது.

இவ்வளவும் சரியாக இருந்தும், ஒரே ஒரு கியர், பெரும்பாலும் இரண்டாவது, குளிர்ந்த என்ஜினில் இறங்கும்போது உரசுகிறது என்றால் கோளாறு உள்ளேதான். டபுள் கிளட்ச் போட்டு (நியூட்ரலில் கிளட்ச்சை விட்டு, ஆக்சிலரேட்டரைத் தட்டி, மீண்டும் மிதித்து) இறக்கினால் உரசல் நின்றுவிடுகிறதா என்று பாருங்கள். நின்றால் சிங்க்ரோ தேய்ந்திருக்கிறது. அந்தப் பழக்கத்தோடே பல காலம் ஓட்டலாம். கியர்பாக்ஸை இறக்குவது என்று முடிவெடுத்தால், சிங்க்ரோ வளையத்தோடு, அது கவ்வும் கியரின் பக்கப் பற்களையும் பார்க்கச் சொல்லுங்கள். முனை மழுங்கிய பல்லின் மேல் புது வளையத்தை மாட்டினால் அதே உரசல் சீக்கிரமே திரும்பி வந்துவிடும்.