வாடகை சைக்கிள்: பாரிஸா, லண்டனா?

இரண்டு ஊரிலும் வெளிநாட்டில் செல்லும் வங்கி அட்டை இருந்தால் போதும். லண்டன் திட்டம் 2010-இல் வந்தது. சாலையில் இடப்பக்கம் ஓட்டுவது நமக்குப் பழக்கம்தான். சைக்கிளைத் திருப்பி விடும் நிலையம் நிரம்பியிருந்தால் அங்குள்ள இயந்திரத்தில் கூடுதலாக 15 நிமிடம் பெற்றுக்கொள்ளலாம்.

பாரிஸின் வாடகை சைக்கிள் திட்டமான வெலிப் 2007 முதல் ஓடுகிறது. பச்சை வண்டி மிதிப்பது, நீலம் மின்சாரம். சீட் பின்பக்கம் திருப்பியிருந்தால் எடுக்காதீர்கள். வண்டி பழுது என்று முன்பு ஓட்டியவர் சொல்லும் சைகை அது. எவ்வளவு நல்ல வழக்கம்! வைப்புத்தொகைக்காக அட்டையில் 300 யூரோ வரை முடக்குவார்கள், அதனால் கணக்கில் பணம் இருக்கட்டும்.

அப்படியும் என் தேர்வு பாரிஸ்தான். ரிவோலி தெருவில் சைக்கிளுக்கு அவ்வளவு அகலமான பாதை. வலப்பக்கம் ஓட்டிப் பழக, கார் வராத சேன் ஆற்றங்கரையில் தொடங்குங்கள்.