மலைத்தேனா, பெட்டித்தேனா, கொசுத்தேனா?

எங்கள் சமையலறை அலமாரியில் இப்போது நான்கு தேன் இருக்கிறது. கோத்தகிரிப் பக்கம் போனபோது வாங்கிய மலைத்தேன், மார்த்தாண்டத்துப் பெட்டித்தேன், உறவுக்காரர் கொடுத்த சின்னக் குப்பி கொசுத்தேன், அப்புறம் மளிகைக் கடை பாட்டில் தேன். "இதில் எதில்பா ஆன்டிஆக்சிடன்ட் அதிகம்?" என்று மகள் கேட்டாள். நான்கையும் கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் ஊற்றி ஜன்னலோரம் வரிசையாக வைத்துப் பார்த்தோம்.

விளையாட்டில்லை, நிறத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு. ஆன்டிஆக்சிடன்ட் என்றால் உடலின் செல்களைச் சேதத்திலிருந்து காக்க உதவும் பொருள். தேனில் இருப்பவை பெரும்பாலும் செடியிலிருந்து வருகிற ஃபீனாலிக் அமிலங்களும் ஃபிளேவனாய்டுகளும்தான். அதனால் எந்தத் தேனீ என்பதைவிட எந்தப் பூ என்பதுதான் முக்கியம். ஒரே வகைப் பூவிலிருந்து எடுத்த 14 தேன்களை அமெரிக்காவின் இல்லினாய் மாநில ஆய்வாளர்கள் ஒப்பிட்டு, 1998இல் முடிவை வெளியிட்டார்கள். அதிகமானதற்கும் குறைவானதற்கும் 20 மடங்கு வித்தியாசம் இருந்தது. முதலிடம் பக்வீட் என்ற தானியச் செடிப் பூவின் தேனுக்கு. அதுதான் இருந்ததிலேயே கறுப்பு. பொதுவாக, நிறம் அடர்ந்தால் சத்தும் கூடும்.

அந்தக் கணக்கில் எங்கள் ஜன்னலோரப் போட்டியில் மலைத்தேன் ஜெயித்துவிட்டது. பாறை இடுக்கிலும் உயர்ந்த மரக்கிளையிலும் அடை கட்டும் பெரிய தேனீயின் தேன் அது. நீலகிரியில் குறும்பர்களும் இருளர்களும் கயிற்றில் இறங்கி எடுப்பது. காட்டில் பூத்ததையெல்லாம் சேர்த்து வருவதால் ஒரு பருவத்துத் தேன்போல அடுத்தது இருக்காது. நாவல் பூத்த காலத்துத் தேன் இலேசாகக் கசக்கும். எனக்குப் பிடித்தது அதுதான். ஒன்று மட்டும்: 'மலைத்தேன்' என்று ரோட்டோரம் வாளியில் விற்பதெல்லாம் மலையிலிருந்து வந்தது என்று நம்பிவிடாதீர்கள். சர்க்கரைப் பாகைக் காய்ச்சினாலும் கறுப்பாகத்தான் வரும்.

பெட்டித்தேன் நிறத்தில் வெளுப்பு. குமரி மாவட்டத்தில் தை, மாசி மாதங்களில் ரப்பர் மரம் புதுத் துளிர் விடும்போது இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பை அடுக்குத் தேனீக்கள் எடுக்கின்றன. ரப்பர் தேன் என்றாலும் ரப்பர் பூவிலிருந்து வருவதில்லை, வேடிக்கைதான். இது சீக்கிரம் உறைந்துபோகும். உறைந்ததைப் பார்த்து "சர்க்கரை கலந்துட்டான்" என்று திட்டுகிறவர்கள் நிறைய. உறைவது குளுக்கோஸின் குணம், கலப்படத்துக்கு அடையாளம் அல்ல. தண்ணீரில் விடுவது, தீக்குச்சியை முக்கிப் பற்றவைப்பது, எறும்பு வருகிறதா என்று காத்திருப்பது, இவையும் எதையும் நிரூபிப்பதில்லை.

கொசுத்தேனோ தனி ஜாதி. கொட்டாத அந்தச் சின்னத் தேனீ மெழுகோடு பிசினும் கலந்த குடுவைகளில் தேனைச் சேர்க்கிறது. நீர்ப்பதம் அதிகம், அதனால் புளிப்பு, மெல்லப் புளித்து நுரைக்கவும் செய்யும். கிடைப்பதே கொஞ்சம், விலையும் எக்கச்சக்கம். 2020இல் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆஸ்திரேலிய, மலேசிய, பிரேசில் கொசுத்தேன்களில் டிரெஹாலுலோஸ் என்ற சர்க்கரை ஏராளமாக இருப்பதைக் கண்டார்கள். அது இரத்தத்தில் மெதுவாக ஏறுவது. நம்மூர்க் கொசுத்தேனுக்கும் இது அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன்.

சரி, பாட்டில் தேன்? அதைச் சூடாக்கி வடிகட்டுகிறார்கள், சத்தெல்லாம் போச்சு என்பார்கள். சூட்டில் நொதிகள் அழிவதும், சர்க்கரை சிதைந்து உண்டாகும் எச்எம்எஃப் என்ற பொருள் கூடுவதும் உண்மை. ஆனால் ஆன்டிஆக்சிடன்ட் அளவு பெரிதாக விழுந்துவிடுவதில்லை. பழுப்பேறும்போது உண்டாகும் பொருட்களால் சில அளவீடுகளில் கூடவும் செய்யும். எனக்கு இருக்கும் தயக்கம் வேறு. 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுகளைச் சோதித்ததாகவும், 10 பிராண்டுகள் கலப்படத்தைக் கண்டுபிடிக்கும் என்எம்ஆர் என்ற ஆய்வகச் சோதனையில் தேறவில்லை என்றும் சொன்னது. நிறுவனங்கள் மறுத்தன. அதன் பிறகு எனக்குத் தெரிந்த கையிலிருந்தே வாங்குகிறேன்.

மனுகா தேனையும் சேர்த்துக் கேட்பார்கள். நியூசிலாந்துத் தேன் அது. அதன் புகழ் மெத்தில்கிளையாக்சால் என்ற வேதிப்பொருள் தரும் கிருமி எதிர்ப்புக்கானது. ஆன்டிஆக்சிடன்ட் வேண்டி அவ்வளவு பணம் கொடுக்க வேண்டியதில்லை.

இப்போது மகளுக்குப் பிடிக்காத பகுதி. அதே இல்லினாயில் 2003இல் வந்த இன்னொரு ஆய்வு: முதலிடம் பிடித்த பக்வீட் தேனை அரை லிட்டர் தண்ணீரில் சுமார் 80 கிராம் கலந்து குடித்தவர்களுக்கு இரத்தத்தின் ஆன்டிஆக்சிடன்ட் திறன் 7 சதவீதம் கூடியது. 80 கிராம் என்றால் கிட்டத்தட்ட நான்கு மேசைக்கரண்டி, 240 கலோரி! அவ்வளவையும் தினம் யார் குடிப்பது? வைட்டமின் சி பார்த்தால் 100 கிராம் தேனில் 0.5 மில்லிகிராம், கொய்யாவில் 200க்கு மேல். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கிலும் தேன், வெள்ளைச் சர்க்கரையோடு சேர்த்துக் குறைக்க வேண்டிய பட்டியலில்தான் இருக்கிறது. எங்கள் வீட்டுச் சர்க்கரை நோயாளிக்கு நான்கு பாட்டிலும் ஒன்றுதான்.

இருமலுக்கு மட்டும் தேனை விட்டுக்கொடுக்க மாட்டேன். 2007இல் பென்சில்வேனியாவில் 105 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வில், தூங்கப் போகும்முன் கொடுத்த தேன், எதுவும் கொடுக்காததைவிட இராத்திரி இருமலைக் குறைத்தது. ஆனால் ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தொட்டுக்கூட வைக்கக் கூடாது. பொட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் கிருமியின் வித்துகள் தேனில் இருக்கலாம். சுத்தமான மலைத்தேனுக்கும் விலக்கில்லை.

மலைத்தேனை மகள் தோசைக்குத் தொட்டுக்கொள்ள எடுத்துக்கொண்டாள். பெட்டித்தேன் இருமல் காலத்துக்கு. கொசுத்தேனை நான் ஒளித்து வைத்திருக்கிறேன். பாட்டில் தேன் இன்னும் அங்கேயே நிற்கிறது.