'பேரபிள்' என்ற ஒரு சொல்லை வைத்து ஓர் ஆங்கில வகுப்பை எடைபோடுகிறேன்

மார்த்தாண்டத்தில் மாலை நேரத்தில் நடக்கும் ஒரு பேச்சு ஆங்கில வகுப்பில் மூன்று மாதம் படித்து முடித்திருக்கிறேன். நான் செவிலியர். என்னுடன் படித்தவர்களில் பெரும்பாலோரும் செவிலியர்களே, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி. (OET) எழுதி வெளிநாடு செல்லும் எண்ணத்தில் குளச்சல், கருங்கல், குலசேகரம் என்று பல ஊர்களிலிருந்து, பகல் வேலையை முடித்த கையோடு பேருந்து ஏறி வந்தவர்கள். மூன்று மாதத்தில் நடத்தப்பட்ட எல்லாவற்றையும் இங்கே அலசப் போவதில்லை. 'பேரபிள்' (bearable) என்ற ஒரு சொல்லை அவர்கள் எப்படிக் கற்பித்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன். அந்த வகுப்பின் நிறையும் குறையும் அந்த ஒரு பாடத்திலேயே தெரிந்துவிட்டன.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் தனி விலைக்குத் தரும் அச்சுப் புத்தகத்தில், இந்தச் சொல்லுக்கு 'தாங்கக்கூடிய' என்ற ஒற்றைப் பொருளும், அதன்கீழ் ஆறு வாக்கியங்களும் உள்ளன. ஆறில் நான்கு, பனியையும் குளிர்காலத்தையும் பற்றியவை. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் பார்க்கிற, ஆனால் பனிப்பொழிவை ஒருநாளும் பார்த்திராத மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அவ்வாக்கியங்கள் மனப்பாடத்துக்குத்தான் உதவும். அதைவிடப் பெரிய கேடு, அந்தச் சொல் எந்த இடத்தில் வரக்கூடாது என்பதைப் புத்தகம் சொல்லவே இல்லை. அதனால்தான் இரண்டாம் நாள் ஒரு தோழி, விருந்துக்கு அழைத்தவரிடம் நன்றி சொல்வதாக நினைத்துக்கொண்டு, 'தி ஃபுட் வாஸ் பேரபிள்' என்று எழுதிக் காட்டினாள். கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு, 'சாப்பாடு ஏதோ சகிக்கும்படி இருந்தது' என்று பெண்ணின் அப்பாவிடம் சொல்வது எப்படியோ, அப்படித்தான் அதுவும். வெப்பம், வலி, தனிமை, காத்திருப்பு என்று ஏற்கெனவே துன்பமாக இருக்கும் ஒன்றுக்குத்தான் 'பேரபிள்' பொருந்தும். சாப்பாட்டுக்கு அதைச் சொன்னால் சாப்பாட்டையே துன்பத்தின் கணக்கில் சேர்த்துவிடுகிறோம்.

ஆசிரியரின் திறமை அந்த இடத்தில்தான் வெளிப்பட்டது. அவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, எங்களில் யாரெல்லாம் சுமைதாங்கியைப் பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்டார். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே வைத்து, தலைச்சுமையோடு நடந்து வருகிறவர் பிறர் உதவியின்றி இறக்கி வைத்து இளைப்பாறுவதற்கென்று வழியோரத்தில் அமைத்த கல் அது. 'பேர்' (bear) என்ற ஆங்கில வினைச்சொல்லும் முதலில் சுமப்பதைத்தான் குறிக்கிறது. பாரத்தைச் சுமப்பது, கனியைச் சுமப்பது, குழந்தையைப் பெறுவது, துன்பத்தைப் பொறுப்பது என்று எல்லாம் அந்த ஒரு வேரிலிருந்தே கிளைக்கின்றன. நம்முடைய 'தாங்கு' என்ற சொல்லும் ஏறக்குறைய அதே வழியில்தான் போகிறது: தூண் கூரையைத் தாங்குகிறது, மனிதர் வலியைத் தாங்குகிறார். கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நடும் வழக்கம் தமிழகத்தில் உண்டு என்று அவர் சொன்னபோது, பிரசவ அறையில் வேலை பார்க்கும் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அந்தச் சொல் எங்கள் யாருக்கும் மறக்கவில்லை.

அடுத்த அரைமணி நேரம் வாக்கியப் பயிற்சி. இந்தச் சொல் அதிகம் வரும் ஓர் அமைப்பை மட்டும் பலகையில் எழுதினார்: ஏதோ ஒன்று, ஒரு துன்பத்தைப் பொறுக்கும்படி ஆக்குகிறது. ஆரல்வாய்மொழிக்காரி, கணவாய்க் காற்று மே மாத வெயிலைப் பொறுக்கும்படி ஆக்குவதாக எழுதினாள். தந்தை வளைகுடா நாட்டில் மீன்பிடிப் படகில் வேலை செய்யும் பெண், 'ஹிஸ் கால்ஸ் மேக் தி டிஸ்டன்ஸ் பேரபிள்' என்றாள். அதில் திருத்துவதற்கு ஒன்றுமில்லை. விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகும் அம்மாவைப் பற்றி ஒருத்தி எழுதியதில் மட்டும் 'மேக்' என்ற இடத்தில் 'மேட்' வேண்டியிருந்தது. உச்சரிப்புக்குக் கொடுத்த நேரம் குறைவு. 'பியரபிள்' என்று சொல்லாதீர்கள், அது குடிக்கும் பியரை நினைவூட்டும் என்றதோடு நிறுத்திக்கொண்டார். 'பேர்லி பேரபிள்' (barely bearable) என்று வேகமாகச் சொல்லவைத்தது நல்ல வேடிக்கை.

எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபட்ட இடம் ஒன்று உண்டு. ஓ.இ.டி. பேச்சுத் தேர்வில் இரண்டு நடிப்புப் பகுதிகள் வரும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஐந்து நிமிடம், தயாராவதற்கு மூன்று நிமிடம். அதற்கான பயிற்சியில், செவிலியராக நடிப்பவர் நோயாளியிடம் 'இஸ் தி பெயின் பேரபிள்?' என்று கேட்கலாம் என்று அவர் கற்பித்தார். இலக்கணப்படி அது சரியான வாக்கியம்தான். ஆனால் வார்டில் அந்தக் கேள்வி வேலைக்கு ஆகாது. எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் வலி பொறுக்க முடிகிறதா என்று கேட்டால், 'பொறுத்துக்கலாம் மக்ளே' என்றுதான் சொல்வார்கள். பூச்சியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணைச் சொல்லுங்கள் என்றால் அதே ஆள் எட்டு என்பார். ஏலாது என்று சொல்வதை அவர்கள் கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள். ஆகவே வலி எத்தனை, எங்கே, எப்போதிலிருந்து என்று கேட்கச் சொல்லித் தந்திருக்க வேண்டும். 'பேரபிள்' என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை வலியைச் சுமப்பவருக்கு மட்டுமே உண்டு. ஊசியைக் கையில் வைத்திருப்பவர் 'இட் இஸ் பேரபிள்' என்று அடித்துச் சொல்வது ஆறுதலாகாது. இதை வகுப்பில் எழுந்து சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, மறுநாள் நடிப்புத் தாளில் கேள்வியை மாற்றி எழுதிக்கொண்டு வந்தார். கோபித்துக்கொள்ளாமல் மாற்றிக்கொள்கிற ஆசிரியர் கிடைப்பது அரிது என்பதால், என் மதிப்பீட்டில் அவருக்கு அது பெரிய நிறைதான்.

வசதிகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முப்பது பேர் நெருக்கி உட்காரும் மாடி அறையில் மின்விசிறி இரண்டு. ஏப்ரல் மாத மாலைகளில் அங்கே உட்கார்ந்து அந்தச் சொல்லைப் படித்ததே தனி அனுபவம். செவிலியர்கள் தயங்காமல் சேரலாம். கடைசி வரிசையில் பேச்சு சரியாகக் கேட்காது என்பதால் கொஞ்சம் முன்கூட்டியே போய் இடம் பிடிப்பது நல்லது. புத்தகத்துக்குப் பணம் கட்ட வேண்டாம். அது கட்டாயமில்லை என்பதை நான்தான் இரண்டாம் மாதம் தெரிந்துகொண்டேன்.