எம்ஜிபி ரோட்ஸ்டரா, கொரோலா செடானா?

இங்கிலாந்தில் புதிதாக ஒரு கார் வாங்க முடிவுசெய்தபோது என் பட்டியலில் கடைசியாக எஞ்சியவை இரண்டு: 1960களின் பிற்பகுதியில் தயாரான, கூரை திறக்கும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபி ரோட்ஸ்டர், சில ஆண்டுகளே ஓடிய டொயோட்டா கொரோலா 1.8 ஹைப்ரிட் செடான். நான் எம்ஜிபியை வாங்கினேன். ஆகவே இந்த ஒப்பீடு அதன் பக்கமே சாய்ந்திருக்கும்.

இரண்டின் இஞ்சினும் 1798 சிசி என்பது வியப்பான பொருத்தம். மற்றபடி சிக்கனம், அமைதி, மழைநாள் வசதி ஆகிய அனைத்திலும் கொரோலாவே முந்துகிறது. எம்ஜிபியில் ஏர்பேக்கும் இல்லை, திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸும் இல்லை. குழந்தைகளை அன்றாடம் அழைத்துச் செல்ல வேண்டியவர்கள் மேற்கொண்டு யோசிக்காமல் கொரோலாவையே வாங்கலாம்.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. 1962 முதல் 1980 வரை, கூரையுள்ள ஜிடி வகையையும் சேர்த்து, 5 லட்சத்துக்கும் மேற்பட்ட எம்ஜிபிகள் தயாராயின என்பதால் அதன் உதிரிபாகங்களுக்கு இன்றும் நல்ல சந்தை இருக்கிறது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் 1988இல் முழு பாடியையே புதிதாகச் செய்து தரத் தொடங்கியது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்கு அனுப்பும் இரட்டை எஸ்யூ கார்புரேட்டர்களையும் வால்வு இடைவெளியையும் எளிய கருவிகளைக் கொண்டு வீட்டிலேயே சரிசெய்துகொள்ளலாம். ஆனால் முன்சக்கரங்கள் திரும்புவதற்கு அச்சாக இருக்கும் கிங்பின்களுக்கு 3,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்கத் தவறினால் அவை தேய்ந்துவிடும். கொரோலாவுக்கு இத்தகைய வேலை எதுவும் இல்லை. டொயோட்டா டீலரிடமே தொடர்ந்து சர்வீஸ் செய்தால் 10 ஆண்டு அல்லது 1,00,000 மைல் வரை உத்தரவாதமும் நீள்கிறது. அதற்குப் பிறகு வரக்கூடிய மின்னணுப் பழுதுகளை வீட்டில் பார்க்க இயலாது என்பதே என் தயக்கம். எனினும் நான் கொரோலாவைச் சோதனை ஓட்டமாக மட்டுமே ஓட்டியிருப்பதால் இதை அழுத்திச் சொல்ல மாட்டேன்.

எம்ஜிபியின் உண்மையான செலவு இஞ்சினில் இல்லை, துருவில் இருக்கிறது. பாடியைத் தாங்கும் தனி அடிச்சட்டகம் (சேஸிஸ்) இல்லாத இந்த வண்டியில் வலு சேர்க்கக் கூரையும் இல்லை. ஆகவே கதவுகளுக்கு அடியில் இருபுறமும் ஓடும் பல அடுக்கு இரும்புச் சட்டங்களே பெரும்பாலான பாரத்தைத் தாங்குகின்றன. இவை உள்ளிருந்து அரிக்கும் என்பதால், வெளித்தகட்டின் மேல் புதுத் தகடு ஒட்டிப் பெயின்ட் அடித்துவிட்டால் பார்வைக்கு எதுவும் தெரியாது. வாங்கும் முன் வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கி, கதவின் இடைவெளி மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். முறையாகப் பழுதுபார்க்க, கதவு வாயிலுக்குக் குறுக்கே கம்பி பற்றவைத்துத் தாங்கிக்கொண்டு, பழைய அடுக்குகள் அனைத்தையும் வெட்டியெடுக்க வேண்டும். இல்லையேல் பாடியே வளைந்துவிடும். நான் பார்த்த வண்டிகளில் பளபளப்பானவற்றை ஒதுக்கிவிட்டு, பெயின்ட் மங்கியும் சட்டம் திடமாகவும் இருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன்.

40 ஆண்டு கடந்த வண்டிக்குப் பெரிய மாற்றம் செய்யப்படாத வரை எம்ஓடி எனப்படும் வருடாந்தரத் தகுதிச் சோதனை இங்கிலாந்தில் கட்டாயமில்லை. பழைமை வாகனமாகப் பதிந்துகொண்டால் சாலை வரியும் இல்லை. ஆயினும் ஆண்டுதோறும் பிரேக்கையும் சட்டங்களையும் ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிடுவதே பொறுப்பானது. 2021 செப்டம்பரில் வந்த இ10 பெட்ரோல் (10% வரை எத்தனால் கலந்தது) பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும் என்பதால், எத்தனால் 5%க்கு மேற்படாத, விலை கூடிய இ5 பெட்ரோலையே நிரப்புகிறேன்.

1974இன் பிற்பகுதியிலிருந்து வந்த ரப்பர் பம்பர் எம்ஜிபிகள் உயரம் கூட்டப்பட்டவை, வளைவுகளில் சற்றே சாய்பவை. அதனால் அதற்கு முந்தைய குரோம் பம்பர் வண்டிகளைவிட மலிவாகக் கிடைக்கின்றன. சட்டம் திடமாக இருக்குமானால், அரித்துப்போன குரோம் வண்டியைவிட அவற்றில் ஒன்றையே நான் பரிந்துரைப்பேன்.