கழற்ற முடியாத 120 ஓம்: ஓர் ஆர்.எஸ்.485 கன்வெர்ட்டருடன் என் அனுபவம்

மார்த்தாண்டத்தில் முந்திரி ஆலை நடத்தும் நண்பர் கேட்டார்: "அண்ணா, உங்கள் ஐஸ் பிளான்டில் இருக்கும் யு.எஸ்.பி. கன்வெர்ட்டர் விலை இறங்கியிருக்கிறதே, வாங்கிவிடலாமா?" ஒரு வார்த்தையில் பதில் சொல்ல வாய் வரவில்லை. ஆர்.எஸ்.485 என்ற இரட்டை வயர்த் தொடர்பைக் கணினியின் யு.எஸ்.பி.யோடு இணைக்கும் பெட்டி அது. பெயர் வேண்டாம். ஐசோலேஷன் (வயர் பக்கத்தையும் கணினிப் பக்கத்தையும் மின்தொடர்பில்லாமல் பிரித்து வைப்பது) உள்ள, நடுத்தர விலைச் சரக்கு.

முதலில் அதற்குரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். குளச்சலில் கடலை ஒட்டிய எங்கள் பிளான்டில் கம்ப்ரசர் மோட்டார், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி.யில் ஓடுகிறது. உப்புநீர்த் தொட்டியின் வெப்பநிலையும் மின் மீட்டர்களின் அளவும் கணினி கேட்கக் கருவிகள் பதில் சொல்லும் மோட்பஸ் முறை வழியாக அலுவலகக் கணினிக்கு வர வேண்டும். முன்பிருந்த மலிவுக் கன்வெர்ட்டரில் ஐசோலேஷன் கிடையாது. மோட்டார் வேகம் பிடித்ததும் கணினியில் அந்தப் போர்ட்டே காணாமல் போகும். கம்ப்ரசர் அறையின் எர்த்தும் அலுவலகத்தின் எர்த்தும் ஒரே மட்டத்தில் இல்லை என்பதுதான் காரணம். ஆர்.எஸ்.485 தரநிலைப்படி ரிசீவர் தன் கிரவுண்டுக்கு மேலே 12 வோல்ட், கீழே 7 வோல்ட் வரை தாங்கினால் போதும், வி.எஃப்.டி. கிளப்பும் துடிப்புகள் அந்த எல்லையை மதிப்பதில்லை. இந்தப் பெட்டி வந்த பிறகு போர்ட் ஒருமுறைகூடக் காணாமல் போகவில்லை. ஐப்பசி இடிமழையையும் தாண்டிவிட்டது. பக்கத்துப் பேனலின் திருகுகள் உப்புக்காற்றில் பச்சை பூத்துக் கிடக்க, இதன் டெர்மினல்கள் இன்றும் பளபளக்கின்றன. மோட்டார் கேபிளோடு ஒரே குழாயில் கிடந்த சிக்னல் வயரைப் பிரித்துத் தனியே இழுத்ததற்கும், அதன் உலோக உறையான ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்ததற்கும் இதில் பங்கு உண்டு. பாராட்டு முழுவதையும் பெட்டிக்கே கொடுத்துவிட முடியாது.

ஆனாலும் தொட்டி வெப்பநிலை இடையிடையே விடுபட்டுக்கொண்டே இருந்தது. மீட்டர்கள் ஒழுங்காகப் பதில் சொல்லும். தொட்டியின் கண்ட்ரோலர் மட்டும் திடீரென்று ஊமையாகிவிடும். வந்து பார்த்தவர்கள் எல்லோருக்கும் ஒரே பதில்: "நாய்ஸ்." அந்த மின் இரைச்சலை அடக்க வயரில் ஃபெரைட் வளையங்களை மாட்டச் சொன்னார்கள், மாட்டினோம். கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. வி.எஃப்.டி.யைத் திட்டுவது எளிது. அது திருப்பிப் பேசாது.

மேற்குக் கடற்கரையில் ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது ஐஸுக்கு வேலை ஏது? பிளான்டை நிறுத்தி, எல்லாவற்றுக்கும் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, வயரின் ஏ, பி இரண்டுக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்தேன். சிக்னல் முனையில் மோதித் திரும்பாமலிருக்க இரண்டு முனைகளிலும் டெர்மினேஷன் என்ற 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது. இரண்டும் பக்க இணைப்பில் இருப்பதால் மீட்டர் ஏறக்குறைய 60 காட்ட வேண்டும். காட்டியதோ 40. அப்படியானால் எங்கோ மூன்றாவது 120 ஒளிந்திருக்கிறது.

அது இந்தப் பெட்டிக்குள் இருந்தது. அதை விலக்க ஜம்பர் (கழற்றி மாட்டும் சிறு இணைப்பு) இல்லை, சுவிட்ச் இல்லை, கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. பலகையில் நேராகப் பற்றவைத்திருக்கிறார்கள். எங்கள் அலுவலக அறை வயரின் நடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் கம்ப்ரசர், மறுபக்கம் தொட்டி. நடுவில் டெர்மினேஷன் இருக்கவே கூடாது.

இருந்தால் என்ன ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். யாரும் பேசாதபோது லைனை ஒரே நிலையில் பிடித்து வைக்கும் எங்கள் பயாஸ் ரெசிஸ்டர்கள் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் 560 ஓம் வீதம். 60 ஓம் சுமையில், யாரும் பேசாத நேரத்தில் ஏ, பி இடையே சுமார் 0.25 வோல்ட் நிற்கும். ரிசீவருக்குத் தெளிவாகத் தெரிய 0.2 வேண்டும், ஆக நிம்மதி. சுமை 40 ஆனதும் அது 0.17க்கு இறங்கிவிடுகிறது. ஒன்றா சுழியா என்று பழைய ரிசீவரால் தீர்மானிக்க முடியாத நிலை. அந்த நேரத்தில் வி.எஃப்.டி. லேசாகத் தும்மினாலும் அதைத் தகவலின் தொடக்கம் என்று கண்ட்ரோலர் நம்பிவிடும். புதிய மீட்டர்களின் ரிசீவர்கள் இதைச் சமாளித்துக்கொண்டன. பழைய கண்ட்ரோலரால் முடியவில்லை.

ஐசோலேஷனுக்கு அவ்வளவு செலவு செய்தவர்கள் சில்லறைக் காசு பெறாத ஒரு ஜம்பரில் போயா மிச்சம் பிடிப்பது? விற்றவர்களிடம் கேட்டதற்கு, பெட்டியை வயரின் முனைக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. ரெசிஸ்டருக்காக அலுவலகத்தைப் பெயர்த்து வைக்க வேண்டுமாம்! சால்டரிங் அயர்னை எடுத்து அதைக் கழற்றி எறிந்தேன். வாரண்டி போயிற்று, மீட்டர் 60 காட்டியது, தொட்டி பேச ஆரம்பித்தது. மோட்டார் கிளம்பும்போது எப்போதாவது, தகவல் சிதைந்ததைக் காட்டும் ஒரு சி.ஆர்.சி. பிழை தலைகாட்டும், மறுபடி கேட்டால் சரியான பதில் வந்துவிடும். அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன்.

நண்பரின் ஆலையில் அலுவலகம் வயரின் ஒரு முனையில்தான் இருக்கிறது. அங்கே அந்த 120 ஓம் இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கும். நியாயப்படி "வாங்குங்கள்" என்றுதான் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கொஞ்சம் கூடுதல் விலையானாலும் ஜம்பர் வைத்த வேறொன்றைப் பாருங்கள் என்றேன். எதை வாங்கினாலும் வயரை இணைப்பதற்கு முன் அதன் ஏ, பி இடையே மீட்டரை வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். 120 காட்டினால் உள்ளே ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அந்த முனையில் வேறொன்று போட வேண்டாம்.