டிரெய்லர் இழுக்கும் பழைய சில்வராடோ: 4எல்60ஈ-யையே பலப்படுத்துவதா, 4எல்80ஈ-க்கு மாறுவதா?

1999 முதல் 2006 வரை வந்த ஷெவர்லே சில்வராடோ 1500, ஜிஎம்சி சியரா 1500 பிக்கப்களில் 5.3 லிட்டர் வி8 இன்ஜினோடு வருவது 4எல்60ஈ என்ற நான்கு கியர் ஆட்டோமேட்டிக். இதன் வம்சம் 1982-ல் வந்த 700ஆர்4-லிருந்து தொடங்குகிறது. 1993-ல் எலெக்ட்ரானிக் கட்டுப்பாடு சேர்ந்தது. இந்த கியர்பாக்ஸ் தாங்கக்கூடிய இன்புட் டார்க் (இன்ஜினிலிருந்து வரும் முறுக்கு விசை) சுமார் 360 பவுண்ட்-அடி. இன்ஜின் தருவதோ 330 பவுண்ட்-அடியை ஒட்டி. காலி வண்டிக்கு இந்த இடைவெளி போதும். பின்னால் 3 டன் டிரெய்லரை மாட்டிக்கொண்டு வெயிலில் மலை ஏறினால் போதாது.

கியர்பாக்ஸ் கையை விரித்த பிறகு வண்டிக்காரர் முன்னால் மூன்று வழிகள் உண்டு: வழக்கமான ஓவர்ஹால், பலவீனமான உதிரிகளை மாற்றிப் பலப்படுத்திய ஓவர்ஹால், அல்லது அதே காலத்து கனரக 2500எச்டி வண்டிகளில் வந்த 4எல்80ஈ-யைக் கொண்டுவந்து பொருத்துவது. எது வலுவானது என்று மட்டும் கேட்டால் பதில் சுலபம், 4எல்80ஈ. ஆனால் இழுவைக்கு வலுவோடு கியர் விகிதத்தையும் சூட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போது பதில் டிரெய்லரின் எடைக்கு ஏற்ப மாறுகிறது.

வழக்கமான ஓவர்ஹாலை முதலில் கழித்துவிடலாம். புது கிளட்ச் பிளேட், பேண்ட், சீல், கேஸ்கட், ஃபில்டர் அடங்கிய கிட் ஒன்றை வாங்கிப் போடுவதுதான் இது. வண்டி ஓடும். ஆனால் கியர்பாக்ஸைக் கொன்ற காரணம் உள்ளேயே இருக்கும். டிரெய்லர் இழுக்கிற வண்டிக்கு இதைச் செய்யாதீர்கள். இறக்கி ஏற்றும் கூலி எல்லா வழிக்கும் ஒன்றுதான், அதை இரண்டு முறை கொடுக்க நேரும்.

4எல்60ஈ எங்கே உடைகிறது

பிரிப்பதற்கு முன்பே வண்டி ஓடும் விதத்தை வைத்துக் காரணத்தை ஊகிக்கலாம். முதல், இரண்டாம், ரிவர்ஸ் மூன்றும் நன்றாக இருந்து, மூன்றாவதுக்கு மாறும்போது நியூட்ரலில் விழுந்ததுபோல் இன்ஜின் உறுமினால் 3-4 கிளட்ச் எரிந்திருக்கிறது. முதலும் மூன்றும் இருந்து, இரண்டு, நான்கு, ரிவர்ஸ் மூன்றும் ஒரே நேரத்தில் போயிருந்தால் சன் ஷெல் (நடுவிலுள்ள சன் கியரைப் பிடித்திருக்கும் உறை) உடைந்திருக்கிறது. நெடுஞ்சாலையில் நன்றாகச் சூடான பிறகு மட்டும் பி1870 என்ற பிழைக் கோடு வந்து, அதோடு 1-2 மாற்றம் உதைக்க ஆரம்பித்தால் வால்வு பாடியைப் (ஆயிலை வழிநடத்தும் வால்வுகள் உள்ள பகுதி) பாருங்கள். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பூட்டும் லாக்-அப் கிளட்ச் வழுக்குவதைக் கண்டதும் கம்ப்யூட்டர் ஆயில் அழுத்தத்தை உச்சத்துக்கு ஏற்றிவிடும், உதைப்பது அதனால்தான்.

இன்புட் டிரம்மைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான்: 3-4 கிளட்ச்சின் லைனிங் கரியாகி, இடையிலுள்ள ஸ்டீல் பிளேட்டுகளில் நீலமும் கறுப்புமாகப் புள்ளிகள். அதே டிரம்மில் இருக்கும் ஃபார்வர்ட் கிளட்ச் புதிதுபோல் இருக்கும். மூன்றிலும் நான்கிலும் சுமையைத் தாங்குவது 3-4 கிளட்ச். ஃபேக்டரியிலிருந்து அதற்கு 6 லைனிங் பிளேட்தான். 7, 8, 9 பிளேட் கிட்கள் கிடைக்கின்றன. எண்ணிக்கை கூடக் கூட ஸ்டீல் பிளேட் மெலிகிறது, மெலிந்த ஸ்டீல் சூட்டைத் தாங்காமல் வளைகிறது. இழுவைக்கு 9 மெல்லிய பிளேட்டைவிட, கனமான ஸ்டீலோடு 7 பிளேட் நல்லது. ஒவ்வொரு பிளேட்டிலும் ஒரு பக்கம் மட்டும் லைனிங் உள்ள ரேபெஸ்டாஸ் நிறுவனத்தின் இசட்-பேக் இன்னொரு நல்ல தேர்வு. இதில் எல்லா பிளேட்டும் சூட்டை வாங்கிக்கொள்ளும். எதைப் போட்டாலும் பிளேட் அடுக்கின் இடைவெளி 0.030 முதல் 0.040 அங்குலத்துக்குள் (சுமார் 0.75 முதல் 1 மி.மீ.) இருக்கட்டும்.

பலர் தவறவிடும் ஒன்று கேஸுக்குள்ளேயே இருக்கிறது. சர்வோ (பேண்டை இறுக்கும் பிஸ்டன்) பக்கம் சின்னதாக ஒரு பால் கேப்ஸ்யூல், அதாவது உள்ளே சிறு உருண்டை உள்ள வால்வு. அந்த உருண்டை சரியாக உட்காராவிட்டால் 3-4 கிளட்ச்சுக்குப் போகும் ஆயில் அழுத்தம் கசிந்துவிடும். எத்தனை பிளேட் போட்டாலும் மறுபடி எரியும். கொஞ்சம் சால்வெண்ட் ஊற்றி, ஒழுகுகிறதா என்று பாருங்கள். ஒழுகினால் கேப்ஸ்யூலை மாற்றிவிடுங்கள். விலை அற்பம்.

சன் ஷெல் மெல்லிய தகடால் ஆனது. சன் கியரைப் பிடித்திருக்கும் கழுத்துப் பகுதியில் வெடிப்பு விட்டோ, ஸ்பிளைன் (ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும் பற்கள்) மழுங்கியோ போகும். கடினப்படுத்திய ஷெல் வாங்கிப் போடுவதில் யோசிக்கவே வேண்டாம். பிளானட்டரி கியர் தொகுதியில் 4 பினியனுக்குப் (சிறு கியர்) பதில், இதன் பலமான வடிவமான 4எல்65ஈ-யின் 5 பினியன் செட் போடலாம், பட்ஜெட் இருந்தால்.

ஆயில் பம்பில் 10 வேன் (தகடு) கொண்ட ரோட்டரை மாற்றி 13 வேன் ரோட்டரும் கடினப்படுத்திய வளையங்களும் போடுங்கள். பம்பின் இரு பாதிகளையும் அலைன்மென்ட் பேண்ட் கட்டி நேர்ப்படுத்திய பிறகே போல்ட்டை முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் கேஸுக்குள் சிக்கி நிற்கும். பூஸ்ட் வால்வை 0.490 அல்லது 0.500 அங்குல அளவுக்கு மாற்றினால் சுமையில் அழுத்தம் உயரும். 2-4 பேண்டுக்கு கார்வெட் சர்வோவும், பெரிய நான்காம் கியர் சர்வோவும், அகலமான பேண்டும் போதும். கியர் மாறும்போது முதுகில் அடித்தால்தான் கியர்பாக்ஸ் வலு என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது தப்பு. அந்த அடியை வாங்குவது சன் ஷெல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும்தான்.

வால்வு பாடியில் கவனிக்க வேண்டியது லாக்-அப் ரெகுலேட்டர் வால்வு. இது ஓயாமல் முன்னும் பின்னும் அசைந்து அலுமினியத் துளையைத் தேய்த்துப் பெரிதாக்குகிறது. ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது தெரியாது, சூட்டில் இளகியதும் கசியும். வேக்யூம் டெஸ்ட்டில் பிடிபடும். ரீமர் போட்டு சோனாக்ஸ் நிறுவனத்தின் பெரிய அளவு வால்வைப் பொருத்தலாம், அல்லது வேலை முடிந்த வால்வு பாடியை மாற்றி வாங்கலாம். அழுத்தக் கட்டுப்பாட்டு சோலனாய்டையும் (மின்சாரத்தால் இயங்கும் வால்வு) லாக்-அப் சோலனாய்டையும் கூடவே மாற்றுங்கள்.

டர்பைன் ஷாஃப்ட்டின் டெஃப்லான் வளையங்களை விரித்து மாட்டியதும், சைஸிங் டூலால் திரும்பச் சுருக்காமல் பம்புக்குள் தள்ளினால் வெட்டுப்படும். பூட்டும்போதே ஒவ்வொரு கிளட்ச்சையும் 30-40 பிஎஸ்ஐ காற்று கொடுத்துச் சோதியுங்கள், ‘டப்’ என்று ஒரே சத்தத்தில் பிடிக்க வேண்டும். இன்புட் ஷாஃப்ட்டின் எண்ட்-ப்ளே (முன்பின் அசைவு) 0.005-0.036 அங்குலம் என்பது தயாரிப்பாளரான ஜிஎம் தரும் அளவு. குறைந்த பக்கமாக, 0.015-க்குள் வைப்பது நல்லது. வால்வு பாடி போல்ட்டுகளுக்கும் அடியிலுள்ள ஆயில் தட்டான பேனின் போல்ட்டுகளுக்கும் 11 நியூட்டன் மீட்டர்தான், அதற்கு மேல் முறுக்கினால் அலுமினியத் திரெட் கையோடு வந்துவிடும்.

டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்): பழையதைத் திரும்பப் போடவே கூடாது. எரிந்த லைனிங் தூள் அதற்குள்தான் தங்கியிருக்கும், கழுவி எடுக்க முடியாது. இழுவைக்கு ஃபேக்டரி அளவை ஒட்டிய தாழ்ந்த ஸ்டால் வேகமும் (வண்டி நகராமல் நிற்கும்போது இன்ஜின் எட்டும் உச்ச ஆர்பிஎம்), பெரிய லாக்-அப் கிளட்ச்சும் கொண்ட கன்வெர்ட்டர் வேண்டும். ரேஸ் வண்டிக்கான உயர்ந்த ஸ்டால் கன்வெர்ட்டர் லாக் ஆகாத நேரமெல்லாம் ஆயிலைக் காய்ச்சிக்கொண்டே இருக்கும். ஏற்றும்போது கன்வெர்ட்டர் படிப்படியாக உள்ளே இறங்கி முழுதாக உட்கார வேண்டும். கேஸை இன்ஜினோடு முடுக்கிய பிறகும் கன்வெர்ட்டர் கையால் தடையில்லாமல் சுற்ற வேண்டும். ஃப்ளெக்ஸ்பிளேட்டுக்கும் (இன்ஜினின் கிராங்கோடு கன்வெர்ட்டரை இணைக்கும் தகடு) அதற்கும் நடுவே 3 முதல் 5 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். இல்லாமல் போல்ட்டை இழுத்து முடுக்கினால் பம்ப் முதல் ஸ்டார்ட்டிலேயே உடையும்.

4எல்80ஈ: வலு உண்டு, வேலையும் உண்டு

இது ஜிஎம்-மின் பழைய டர்போ 400 கியர்பாக்ஸின் வழியில் வந்தது, 1991-ல் அறிமுகம். தாங்கும் இன்புட் டார்க் 440 பவுண்ட்-அடி. 4எல்60ஈ-யைவிட சுமார் 40 கிலோ கனம். நல்ல நிலையில் கிடைத்தால் பிரித்து சீல், கிளட்ச், ஷிஃப்ட் கிட் மட்டும் மாற்றினாலே 5.3 இன்ஜினுக்கு அது அதிகப்படியான வலு. பழைய வண்டி உடைக்கும் யார்டில் தேடினால், 2001-2006-ன் 6.0 லிட்டர் 2500எச்டி-யில் இருந்து எடுப்பது சுலபம். பெல் ஹவுசிங் நேராகப் பொருந்தும். 1997-க்கு முந்தையதைத் தவிருங்கள். கூலரிலிருந்து திரும்பும் ஆயில் உள்ளே நுழையும் இடத்தை அந்த ஆண்டில் பின்னுக்கு மாற்றி, பிளானட்டரிக்கு எண்ணெய் போகும் வழியை மேம்படுத்தினார்கள்.

கியர்பாக்ஸ் வாங்கியதோடு செலவு முடியாது:

- 4எல்80ஈ-க்கான ஆறு போல்ட் ஃப்ளெக்ஸ்பிளேட்டும் கன்வெர்ட்டரும். 1999-2000-ன் 6.0 இன்ஜினில் கிராங்க் முகம் நீளம், அந்த ஆண்டுகளின் ஃப்ளெக்ஸ்பிளேட் உங்கள் இன்ஜினுக்கு ஒத்துவராது.
- அவுட்புட் ஸ்பிளைன் 27-க்குப் பதில் 32. இரண்டு சக்கர இழுவை வண்டியில் யோக்கை (புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் முன்முனை) மாற்றி, புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் குறைத்து பேலன்ஸ் செய்ய வேண்டும். நான்கு சக்கர இழுவையில் டிரான்ஸ்ஃபர் கேஸின் (முன் ஆக்ஸிலுக்கும் பலத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) இன்புட்டும் 32 ஸ்பிளைனாக வேண்டும்.
- கிராஸ்மெம்பரைப் பின்னுக்குத் தள்ளி புதுத் துளை, வேறு டிப்ஸ்டிக் குழாய், ஷிஃப்ட் கேபிள் பிராக்கெட், கூலர் பைப்.
- 20 பின் கனெக்டர் பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் சில பின்கள் இடம் மாறும். இன்புட் வேக சென்சாருக்கு இரண்டு புது வயர் இழுக்க வேண்டும்.
- கம்ப்யூட்டரில் கியர்பாக்ஸ் வகையை 4எல்80ஈ என்று மாற்றி எழுத வேண்டும். இந்தத் தலைமுறை கம்ப்யூட்டர் இரண்டையும் ஏற்கும்.

கடைசியில் உள்ளதைச் செய்யாமல் ஓட்டிப் பார்க்க நினைக்காதீர்கள். கியரைத் தேர்வு செய்யும் இரண்டு சோலனாய்டும் ஆஃப் என்றால் 4எல்60ஈ-க்கு மூன்றாவது கியர், 4எல்80ஈ-க்கு இரண்டாவது. கம்ப்யூட்டர் ஒன்றைக் கேட்க, கியர்பாக்ஸ் வேறொன்றைக் கொடுக்கும்.

விகிதம்தான் முடிவு செய்யும்

| கியர் | 4எல்60ஈ | 4எல்80ஈ |
|---|---|---|
| 1 | 3.06 | 2.48 |
| 2 | 1.63 | 1.48 |
| 3 | 1.00 | 1.00 |
| 4 | 0.70 | 0.75 |
| ரிவர்ஸ் | 2.29 | 2.07 |

முதல் கியரில் 4எல்80ஈ 19 சதவீதம் பலம் குறைவு. ஆக்ஸிலில் 3.42 விகிதக் கிரவுன்-பினியன் (சக்கரத்துக்கு முந்தைய கடைசி கியர் ஜோடி) இருந்தால், மொத்த விகிதம் 10.47-லிருந்து 8.48-க்கு இறங்கும். படகு இறக்கும் ஈரச் சரிவிலிருந்து டிரெய்லரோடு மேலேறும்போது இது உடனே தெரியும். 4.10 போட்டால் 10.17, இழந்தது ஏறக்குறைய திரும்பக் கிடைக்கும். நான்கு சக்கர இழுவை என்றால் முன் ஆக்ஸிலுக்கும் அதே விகிதம் போட வேண்டும். அந்தச் செலவைக் கணக்கில் சேர்க்காமல் 4எல்80ஈ மலிவு என்று சொல்வது சரியான ஒப்பீடு ஆகாது.

ஓடத் தொடங்கிய பிறகு நிலைமை தலைகீழ். ஏற்றத்தில் 4,500 ஆர்பிஎம்-மில் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறினால், 4எல்60ஈ இன்ஜினை 2,760-க்குத் தள்ளும், 4எல்80ஈ 3,040-ல் நிறுத்தும். 5.3 இன்ஜினின் டார்க் உச்சம் 4,000-ஐ ஒட்டி வருவதால் இந்த 280 ஆர்பிஎம் பெரிய விஷயம். அமெரிக்காவின் டென்வரிலிருந்து ஐ-70 நெடுஞ்சாலையில் ஐசன்ஹோவர் சுரங்கம் நோக்கி 3,400 மீட்டர் உயரத்துக்கு ஏறும்போது, காற்றின் அடர்த்தி குறைந்து இன்ஜின் தன் பலத்தில் ஏறத்தாழ 30 சதவீதத்தை இழந்திருக்கும். அங்கே கியர் இடைவெளி பெரிதானால் வண்டி மூன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே மாறி மாறித் தவிக்கும். ஒவ்வொரு மாற்றமும் 3-4 கிளட்ச்சுக்கு ஒரு சூடு.

245/75ஆர்16 டயரில் மணிக்கு 105 கி.மீ. வேகத்தில், 3.42 ஆக்ஸிலோடு 4எல்60ஈ ஓவர்டிரைவில் (நான்காம் கியர்) சுமார் 1,710 ஆர்பிஎம். 3.73 போட்டால் 1,870. 4.10 ஆக்ஸிலோடு 4எல்80ஈ 2,200. டிரெய்லருக்கு 2,200 அருமை. வாரம் முழுக்க காலியாக வேலைக்குப் போய்வரும் வண்டிக்கு அது பெட்ரோல் செலவு.

எந்த எடைக்கு எது

2.3 டன் (5,000 பவுண்ட்) வரை, வருடத்தில் சில முறை மட்டும் இழுப்பது என்றால் பலப்படுத்திய 4எல்60ஈ, 3.73 ஆக்ஸில், நல்ல கூலர். இதற்கு மேல் செலவு தேவையில்லை. 3 டன்னைத் தாண்டி, அதுவும் மலைப்பாதையில் அடிக்கடி என்றால் 4எல்80ஈ-யும் 4.10-ம். இடைப்பட்ட எடைக்கு வண்டி நான்கு சக்கர இழுவையா என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸும் முன் ஆக்ஸிலும் சேர்ந்தால் பட்ஜெட் எகிறிவிடும், அப்போது 4எல்60ஈ-யிலேயே நிற்பது புத்திசாலித்தனம். ஆனால் கியர்பாக்ஸ் மாறியதால் வண்டியின் அனுமதிக்கப்பட்ட இழுவை எடை கூடாது. பிரேக், ஃபிரேம், 8.6 அங்குலப் பின் ஆக்ஸில் எல்லாம் 1500-ன் அளவில்தான் இருக்கின்றன.

எந்த வழியானாலும் சூட்டை விட்டுவிடக் கூடாது. ஆயில் 80-95 டிகிரி செல்சியஸில் ஓட வேண்டும். 105-ல் வார்னிஷ் படியத் தொடங்கும், 115-120-ல் சீல்கள் இறுகும், 130-ஐத் தாண்டினால் லைனிங் எரியும். ரேடியேட்டரில் உள்ள கூலருக்குப் பிறகு தகடு அடுக்கு வகையில் தனிக் கூலர் ஒன்று, பேனில் ஒரு டெம்பரேச்சர் கேஜ், இரண்டும் கட்டாயம். பழைய கூலர் பைப்பைக் கழுவிய பிறகு பாயும் அளவைப் பாருங்கள்: இன்ஜின் ஐடிலில் 20 விநாடிக்குள் ஏறத்தாழ 1 லிட்டர் வர வேண்டும். வராவிட்டால் கூலர் அடைத்திருக்கிறது, மாற்றிவிடுங்கள்.

கன்வெர்ட்டரோடு சேர்த்து 4எல்60ஈ-க்கு சுமார் 10.6 லிட்டர் ஆயில் பிடிக்கும், 4எல்80ஈ-க்கு 12.8. டெக்ஸ்ரான் 6 போடுங்கள், பழைய டெக்ஸ்ரான் 3-க்குப் பதிலாக ஜிஎம் கொண்டுவந்தது அதுதான். முதல் 800 கி.மீ. டிரெய்லர் மாட்டாமல் ஓட்டிவிட்டு பேனை இறக்கி மேக்னட்டைத் துடைத்துப் பாருங்கள். மெல்லிய சாம்பல் பசை இருந்தால் பயமில்லை. விரலில் நெருடும் உலோகத் துகள் இருந்தால், டிரெய்லரை மாட்டாமல் கியர்பாக்ஸை மறுபடி இறக்குங்கள்.