பெட்டியில் மிச்சம் பிடிக்கலாம், கேரியரில் கூடாது

150 சீசீ பைக்கில் நான்கைந்து நாள் மலைநாட்டைச் சுற்றக் கிளம்புகிறவர்களுக்கு, கழற்றி மாட்டக்கூடிய பெட்டிகளில் மலிவானவை மூன்று. பின்னால் பூட்டும் பிளாஸ்டிக் டொப் பொக்ஸ், சீட்டுக்குக் குறுக்கே போடும் கன்வஸ் பை சோடி, எரிபொருள் கொண்டுபோகும் 20 லீற்றர் ஜெரி கேனை வெட்டிச் செய்யும் இரும்புப் பெட்டி சோடி. மூன்றிலும் எங்கள் வாக்கு ஜெரி கேனுக்குத்தான். ஆனால் அதைத் தாங்கும் கேரியர் ஒழுங்காக இல்லாவிட்டால், றம்பொடை வளைவுகளை ஏறி முடிப்பதற்குள்ளேயே பெட்டி சத்தம் போடத் தொடங்கிவிடும்.

டொப் பொக்ஸைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. ஹெல்மெட்டும் மழைக்கோட்டும் வைக்க நல்ல பெட்டி, அவ்வளவுதான். பாரம் பின்சில்லு அச்சுக்கும் பின்னால், உயரத்தில் உட்காருகிறது. ஏற்றத்துக் கொண்டை ஊசி வளைவில் முன்சில்லு இலேசாகி ஹேண்டில் ஆடும். பல பெட்டிகளின் அடித்தட்டிலேயே தாங்கும் எடையை அச்சடித்திருப்பார்கள். அதைப் பார்க்காமல் பத்துக் கிலோ சாமானை அடைத்தால் பெட்டிக்கு முன்னால் உடைவது சீட்டுக்குப் பின்னால் இருக்கும் வார்ப்பு அலுமினியக் கைப்பிடி. வெடிப்பு போல்ட் ஓட்டையிலிருந்துதான் கிளம்பும். மாதத்துக்கு ஒருமுறை அந்த இடத்தைத் துடைத்துப் பாருங்கள்.

கன்வஸ் பைக்கு வெல்டிங் வேலை அதிகம் வேண்டாம், எடையும் இல்லை. குறைகள் இரண்டு. பை உள்ளே சரிந்து சில்லில் உரசும், சைலன்சரில் பட்டால் பொசுங்கும். ஆகவே கன்வஸ் பைக்கும் பக்கத்துக்கு ஒரு பைப் வளையமாவது அடித்தே ஆக வேண்டும். அடுத்தது மழை. கினிகத்தேனைக்கும் வட்டவளைக்கும் இடையில் பெய்கிற மழைக்கு எந்தக் கன்வஸும் தாங்காது. தோட்டங்களில் கிடைக்கும் உரப்பையின் உள் பொலித்தீனை உறையாகப் போட்டு, வாயை முறுக்கி மடித்து ரப்பர் வளையம் போட்டால் உடுப்பு நனையாது. முதலில் அதை இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள். உரத்தின் உப்பு ஒட்டியிருந்தால் ஈரத்தை இழுக்கும், சிப்பையும் கொக்கியையும் அரித்துவிடும்.

இனி ஜெரி கேன். இராணுவ மாதிரி 20 லீற்றர் இரும்புக் கேன் ஏறக்குறைய 47 சென்ரிமீற்றர் உயரம், 35 அகலம், 16.5 தடிப்பு. பக்கவாட்டில் தொங்க இந்தத் தடிப்புத்தான் அருமை. பெட்டி ஹேண்டிலைவிட வெளியே நீட்டாது. தோட்டத்து ஒற்றை வழிப் பாதையில் எதிரே லொறி வந்து ஒதுங்கும்போது அதன் பெறுமதி தெரியும். வெற்றுக் கேன் ஒன்று நான்கு கிலோ வரும்.

பெற்றோல் இருந்த பழைய கேனைக் கிரைண்டரால் வெட்டவே வேண்டாம். காலியாகத் தெரிந்தாலும் உள்ளே நிற்கும் ஆவி ஒரு பொறியில் வெடிக்கும், ஆளையே கொல்லும். கழுவினாலும் உடுப்பில் மணம் போகாது. பாவிக்காத புதுக் கேனையே வாங்குங்கள்.

வெளிப்பக்கத்து அகன்ற முகத்தில் கதவு வெட்ட வேண்டும். நான்கு பக்கமும் 3 சென்ரிமீற்றர் விளிம்பை விடுங்கள். விடாவிட்டால் தகரம் துவண்டு கதவு மூடாது. இரண்டு பாதிகளும் சேரும் நடுப்பள்ளத்து வெல்டில் கை வைக்காதீர்கள், கேனின் பலமே அதுதான். பிணைச்சல் கீழே, பூட்டு மேலே. கதவு சாய்ந்து விழாமல் இரு பக்கமும் குட்டிச் சங்கிலி. விளிம்புக்கு வாகனக் கதவின் ரப்பர் பீடிங் போதும். ஆனால் மேல் விளிம்புக்கு மேலே ஒரு சிறு எல் வடிவத் தகரத்தைத் தாவாரம் போல ரிவிட் அடிக்காவிட்டால், ஓட்டத்தில் வருகிற தண்ணீர் ரப்பரையும் தாண்டி உள்ளே போகும். செய்து விற்கிற பெரும்பாலான பெட்டிகளில் இந்தத் தாவாரம் இல்லை. வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

கேரியர் என்பது பெட்டியைத் தாங்கப் பக்கத்துக்கு ஒன்றாக வளைத்த பைப் வளையம். அதற்கு அரை அங்குலப் பைப், சுவர்த் தடிப்பு 2 மில்லிமீற்றர். 20 அடி நீளம் ஒன்று இரண்டு பக்கத்துக்கும் போதும், மிச்சமும் வரும். பெயர் அரை அங்குலம் என்றாலும் வெளிவிட்டம் 21 மில்லிமீற்றர். கொக்கியை அந்த அளவுக்கு வளைக்கச் சொல்லுங்கள். கல்வனைஸ் பைப் என்றால் வெல்ட் விழும் இடத்தில் நாகப் பூச்சை உரசி எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வெல்ட் பண்ண வேண்டும், அந்தப் புகை நஞ்சு. பைக்கின் பிரேமில் நேரடியாக வெல்ட் அடிக்க விடாதீர்கள். இருக்கிற போல்ட் ஓட்டைகளுக்கு 5 மில்லிமீற்றர் பட்டை இரும்பில் காது செய்து பூட்டலாம். 3 மில்லிமீற்றர் பட்டை மலிவுதான், ஆனால் வளைத்த இடத்திலேயே வெடிக்கும். அளவு பார்க்கப் பைக்கிலேயே வைத்துப் பொட்டு வெல்ட் அடிப்பதானால் முதலில் பற்றறி வயரைக் கழற்றுங்கள், இல்லையேல் மின்சாமான்கள் எரியும்.

பட்டறைகள் அடிக்கடி விட்டுவிடுவது குறுக்குப் பைப். இடது வளையத்தையும் வலது வளையத்தையும் நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ஒரு பைப்பால் இணைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு குழியிலும் இரு பக்கமும் தனித்தனியே உள்ளும் புறமும் ஆடி, சில நூறு கிலோமீற்றரிலேயே மேல் காதில் மயிரிழை வெடிப்பு விழும். வெளியே தெரிவது துருக்கோடு மட்டும். பெயின்ற் அடித்த புது இரும்பில் மெல்லிய செங்கோடு தெரிந்தால் அது வெறும் துரு அல்ல, வெடிப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பைப்பின் மிகத் தாழ்ந்த இடத்தில் 3 மில்லிமீற்றர் ஓட்டை ஒன்று போட்டால் உள்ளே தண்ணீர் தேங்காது. சைலன்சருக்கும் பெட்டிக்கும் நடுவே 5 சென்ரிமீற்றர் இடைவெளி, கூடவே ஒரு தகட்டு மறைப்பு. சிக்னல் லைட்டைப் பெட்டி மறைத்தால் குறுக்குப் பைப்புக்கு மாற்றுங்கள்.

மாட்டுவதற்கு மேலே இரண்டு கொக்கி, கீழே இழுத்துப் பூட்டும் ஒரு கிளிப், அதில் சிறு ஆமைப்பூட்டு. கொக்கிக்குள் பழைய சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிவிட்டால் கடகட சத்தம் அடங்கும், பெயின்றும் தப்பும். கொக்கிப் போல்ட்டுக்குக் கேனின் உள்ளே ஒரு தகட்டுத் துண்டு வையுங்கள். வெறும் வாஷர் மெல்லிய தகரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். நட் எல்லாம் நைலோன் வளையம் உள்ளவை.

கேரியரும் இரண்டு கேனும் சேர்ந்தாலே பன்னிரண்டு கிலோவைத் தாண்டும். இந்தப் பெட்டியின் பெரிய குறை அதுதான். பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்குக் கன்வஸ் பையே நல்லது. தனியாகப் போகிறவர்கள் பின் ஷொக்கை ஒரு படி இறுக்கி, டயர் காற்றைக் கைநூலில் பாரத்துக்குச் சொன்ன அளவுக்கு ஏற்றினால் போதும். பழுதுபார்க்கும் ஆயுதங்களும் மாற்று டியூப்பும் பெட்டியின் அடியில், முன்பக்கமாக. இரு பக்க எடையும் ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசப்படக் கூடாது.

முதல் 100 கிலோமீற்றரில், பண்டாரவளையிலிருந்து கிளம்பினால் ஏறக்குறைய நுவரெலியா போய்த் திரும்பும் தூரத்தில், எல்லா நட்டையும் ஒருமுறை இறுக்குங்கள். எட்டு மில்லிமீற்றர் போல்ட்டுக்கு 13ஆம் இலக்க ஸ்பேனர். அதைப் பெட்டிக்குள் புதைக்காமல் சீட்டுக்கு அடியில் வையுங்கள்.